நோயை மறைக்காதீர்; பேசக் கூச்சப்படாதீர்!



2017ஆம் ஆண்டின் நடுப்பகுதி. நாடெங்கும் டெங்குக் காய்ச்சல் பரவிக் கொண்டிருந்தது. சீகிரியாவை அண்டிய எங்கள் பகுதியும் அதற்கு விதிவிலக்கல்ல. என் தங்கையின் மகளுக்கு அப்போது 13 வயது. நான்கு நாட்களாக அவளுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! பிள்ளைக்குச் சுகம் நானா" என்று தங்கை போனில் சொன்னாள். எங்கள் எல்லோருக்கும் நிம்மதி.

லுஹர் நேரம் ஆனபோது பிள்ளை எழும்ப முடியாமல் சோர்ந்து கிடந்தாள். கையும் காலும் குளிர்ந்துவிட்டன. வயிறு வலிக்கிறது என்றாள். உடனே வாகனம் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டு போனோம். தங்கைக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. மொழிபெயர்த்துச் சொல்ல நானும் கூடப் போனேன்.

அனுமதிக்கும் இடத்தில் தாதி மூன்று கேள்விகள் கேட்டார். பனடோல் தவிர வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? தங்கை "இல்லை" என்றாள். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா? "போகிறது." உடம்பில் எங்கிருந்தாவது இரத்தம் போகிறதா? தங்கை என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு "இல்லை நானா" என்றாள். நானும் "நே மிஸ்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.

மூன்று பதில்களும் பிழையானவை!

இரண்டாம் நாள் இரவு உடம்பு வலி தாங்காமல் பிள்ளை அழுதபோது, மச்சான் கடையில் வேறொரு வலிக் குளிசை வாங்கிக் கொடுத்திருந்தார். அதைச் சொன்னால் ஏசுவார்கள் என்று தங்கை பயந்தாள். சிறுநீர் எப்போது போனது என்று அவள் கவனிக்கவே இல்லை. காலையிலிருந்து போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. பிள்ளைக்கு முதல் நாளே மாதவிடாய் தொடங்கி, வழமைக்கு மாறாக அதிகமாகப் போய்க் கொண்டிருந்தது. தாய்க்கு அது தெரியும். ஆனால் மாமாவான நான் பக்கத்தில் நின்றேன். அதனால் அவள் வாய் திறக்கவில்லை. உதவி செய்யப் போன நானே அந்த இடத்தில் தடையாக நின்றிருக்கிறேன்!

அன்று இரவு பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களத் தாய் ஒருவர் பிள்ளையின் துணியைக் கண்டு தாதியைக் கூப்பிட்டார். அதன் பிறகு நடந்தவை அனைத்தும் வேகமாக நடந்தன. அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை பிழைத்தாள். இன்று அவள் வளர்ந்த பெண். அவளுடைய அனுமதியோடும் அவளது உம்மாவின் அனுமதியோடும்தான் இதை எழுதுகிறேன். மறுநாள் டொக்டர் எங்களைக் கோபிக்கவில்லை. மருந்து கொடுப்பதற்கு முன் தங்களுக்குத் தேவைப்படுவது சரியான தகவல்தான் என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றும் என் மனதை உறுத்துகிறது.

நோய் பரவும் காலத்தில் வைத்தியரிடமும் தாதியிடமும் நாம் சொல்லும் சொல், சிகிச்சையின் பாதி. அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது, என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை வாந்தி எடுத்தார் என்பதெல்லாம் வாப்பாவுக்குத் தெரியாது, உம்மாவுக்குத்தான் தெரியும். ஆகவே இந்தக் கட்டுரை உங்களுக்காக.

காய்ச்சல் விட்டதும் ஆபத்து விடுவதில்லை

2017இல் இலங்கையில் டெங்கு என்ற சந்தேகத்தில் பதிவானவர்கள் 1,86,000க்கும் அதிகம். இறந்தவர்கள் 400க்கும் அதிகம். ஏறத்தாழ 2 கோடி 10 இலட்சம் மக்கள் வாழும் ஒரு நாட்டில், நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவை அது நெருங்கியது. ஆஸ்பத்திரிகளில் கட்டில் போதாமல் நோயாளிகள் தரையில் படுத்தார்கள். நீர்கொழும்பில் தற்காலிக வாட்டுகள் அமைக்கப்பட்டன. அந்த நெருக்கடியில் ஒரு தாதி ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் எத்தனை நிமிடம் நிற்க முடியும்? அந்தச் சில நிமிடங்களில் நாம் என்ன சொல்கிறோம் என்பதுதான் கேள்வி.

டெங்குவின் தந்திரம் இது: காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் சிலருக்கு ஆபத்தான கட்டம் தொடங்கும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும். இந்தக் கட்டம் பொதுவாக 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். கசிவு அதிகமானால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே மோசமாகும். அதற்காகக் கண்டபடி திரவம் ஏற்றவும் முடியாது; அதிகமானால் அது நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சுத் திணறலை உண்டாக்கும். ஆகவே வைத்தியர்கள் அளந்து அளந்து கொடுக்கிறார்கள். எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். அது தொந்தரவு அல்ல, அதுதான் சிகிச்சை.

வலிக் குளிசை விஷயமும் அப்படித்தான். டெங்குக் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே பொருந்தும். அதுவும் வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில்தான். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனாக், மெபனமிக் அசிட் போன்றவை இரத்தப்போக்கை அதிகமாக்கக்கூடும். தெரியாமல் கொடுத்துவிட்டால் அதைச் சொல்வதில் வெட்கம் எதற்கு? சொன்னால் ஒரு நிமிடம் ஏச்சு விழலாம். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பப்பாசி இலைச் சாறு கொடுத்திருந்தாலும், நாட்டு மருந்து கொடுத்திருந்தாலும் அதையும் மறைக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கும் இளம் பெண்களுக்கும் டெங்கு வந்தால், மாதவிடாய் அதிகமாகப் போவது ஓர் எச்சரிக்கை அடையாளம். கர்ப்பிணிகளின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. ஆகவே "அது பெண்கள் விஷயம்" என்று அதை ஒதுக்கி வைக்கக் கூடாது. அது வைத்தியர் முதலில் அறிய வேண்டிய விஷயம்.

எங்கள் மாத்தளை மாவட்டத்துக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2008இல் நாட்டில் எலிக்காய்ச்சல் பரவி, 7,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர் என்று பதிவாகியது. மாத்தளையும் அன்று கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருந்து, காலில் உள்ள கீறல் வழியாக அந்தக் கிருமி உடம்புக்குள் போகிறது. தொடக்கத்தில் டெங்கு போலவே காய்ச்சலும் உடம்பு வலியும்தான். ஆனால் சிகிச்சை வேறு. "வயலில் இறங்கினாரா? ஓடையில் குளித்தாரா? கானைத் துப்புரவாக்கினாரா?" என்று டொக்டர் கேட்பார். "இல்லை" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். இரண்டு வாரத்துக்குப் பின்னோக்கி யோசித்துச் சொல்லுங்கள்.

முதல் பூட்டு: கூச்சம்

நம் பெண்களின் வாயைப் பூட்டுவது மூன்று. முதலாவது கூச்சம்.

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் தேவையான இடத்தில் கேட்காமல் இருப்பதற்கு அதைக் காரணமாக்கலாமா? மதீனாவின் அன்ஸாரிப் பெண்கள் தங்கள் அந்தரங்கமான சட்டங்களைக்கூட ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டறிந்தார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் புகழ்ந்திருக்கிறார்கள். அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பராமரித்த கூடாரம், ருபைதா (ரலி) என்ற பெண்மணியுடையது. நோயாளியைக் கவனிப்பது நம் வரலாற்றில் பெண்களின் கண்ணியமான பணி.

இன்னொரு சம்பவமும் உண்டு. பிரயாணத்தில் ஒருவருடைய தலையில் காயம் ஏற்பட்டது. பிறகு குளிப்பு கடமையானபோது, குளித்தே ஆக வேண்டும் என்று கூட இருந்தவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது ஏன் கேட்கவில்லை என்பதே அந்தக் கண்டனத்தின் சாரம். அறியாமை என்ற நோய்க்கு மருந்து கேட்பதுதான் என்று கற்றுத் தந்தார்கள். அபூதாவூதில் வரும் இந்தச் சம்பவத்தை நான் மாணவர்களுக்கு எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கையின் பக்கத்தில் நின்றபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லையே!

ஆகவே நடைமுறையில் என்ன செய்யலாம்?

பெண் தாதியோ பெண் டொக்டரோ இருந்தால் அவரிடம் பேச வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். அதில் தவறில்லை. அப்படி ஒருவர் இல்லாவிட்டால், அவசியத்தின்போது ஆண் வைத்தியரிடம் காட்டுவதற்கு மார்க்கம் இடமளிக்கிறது. உயிரைக் காப்பது கடமை.

மொழிபெயர்க்க ஆண் துணை வந்திருந்தால், பெண்கள் விஷயம் வரும்போது அவரைச் சற்று வெளியே நிற்கச் சொல்லுங்கள். அல்லது ஒரு சிறு தாளில் எழுதித் தாதியின் கையில் கொடுங்கள். ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: வாப்பாமாரே, நானாமாரே, கேட்காமலே நீங்கள் சற்று விலகி நில்லுங்கள். முடிந்தால் சிங்களம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாம் பூட்டு: பயம்

ஏச்சுக்குப் பயப்படுவதைச் சொன்னேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்றை 2020இல் நம் சமூகம் கண்டது.

2020 மார்ச் மாதத்தில் இந்நாட்டில் கொரோனா தொற்றிய முதல் இலங்கையர் அடையாளம் காணப்பட்டார். அவர் இத்தாலிச் சுற்றுலாப் பயணிகளோடு சென்ற ஒரு வழிகாட்டி. சீகிரியாவில் இருப்பவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? இங்கே பல வீடுகளின் அடுப்பு எரிவதே சுற்றுலாப் பயணிகளால்தான். ஹோட்டலில் வேலை, முச்சக்கர வண்டி, ஜீப், சிறு கடை என்று ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு தொடர்பு. "யாரோடு பழகினீர்கள்?" என்று சுகாதாரப் பரிசோதகர் கேட்டால், உண்மையைச் சொன்னால் 14 நாள் அடைத்து வைப்பார்களே, தொழில் போய்விடுமே, ஊர் ஒதுக்குமே என்ற பயம். இது முஸ்லிம்களுக்கு மட்டும் இருந்த பயம் அல்ல.

நமக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி மூலம், கொவிட் நோயால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச் மாதமே வழிகாட்டியிருந்தது. ஆனாலும் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாட்களே ஆன ஒரு சிசுவின் உடலும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவரும் தமிழரும் வந்து கட்டினார்கள்.

அந்தக் காலத்தில் எத்தனை வீடுகளில் "ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், மௌத்தானால் எரித்துவிடுவார்கள்" என்ற பேச்சு நடந்தது! வயதான உம்மாமார் மூச்சு முட்டுவதைக்கூடப் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைத்தார்கள். ஏழை முஸ்லிம்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குச் செல்லத் தயங்குகிறார்கள் என்று 2021 ஜனவரியில் ஐ.நா.வின் மனித உரிமை நிபுணர்களே கவலை தெரிவித்தார்கள். ஓர் அநியாயமான சட்டம், இறந்தவர்களை மட்டும் தாக்கவில்லை. உயிரோடு இருந்தவர்களையும் வைத்தியரிடமிருந்து பிரித்தது.

2021 பெப்ரவரி இறுதியில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன. ஓராண்டில் 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே அடக்கப்பட்டன. பிற மதத்தவர்களும் அவர்களில் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. 276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டதாக அப்போது சொல்லப்பட்டது. அந்தக் குடும்பங்களின் வேதனைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் ஈடாகுமா? ஆகாது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? அந்தக் காயம் ஆறாமல், அடுத்த நோய் வரும்போதும் நாம் வாயை மூடிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். சட்டத்தைச் செய்தவர்கள் வேறு. இரவு முழுக்கப் பாதுகாப்பு உடையில் வியர்த்துக்கொண்டு நம் உம்மாவுக்கு ஒட்சிசன் வைத்த தாதி வேறு. அநியாயத்துக்கு எதிராக மனுக் கொடுக்கலாம், நீதிமன்றம் போகலாம், ஊரார் கூடிப் பேசலாம். அந்தக் கோபத்தைக் கட்டிலின் அருகே நிற்பவரிடம் காட்டி, நோயை மறைத்தால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்.

நோயாளிக்கு மார்க்கக் கடமை சம்பந்தமான கவலை இருந்தால் அதையும் பேசலாம். நோன்பு பிடித்திருக்கிறேன் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தச் சலுகை இருக்கிறது. சொல்லாமல் நீரிழிவு மருந்தை மட்டும் நிறுத்திவிடுவது ஆபத்து. தொழுகைக்கு இடம் வேண்டுமா, ஜனாஸாவைக் குளிப்பாட்டுவது பற்றி அறிய வேண்டுமா, பணிவோடு கேளுங்கள். கேட்டால் கிடைப்பது பல; கேட்காமல் மனதுக்குள் குமுறினால் எதுவும் கிடைக்காது.

மூன்றாம் பூட்டு: மொழி

கொரோனாக் காலத்தில் எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார். ஒரு பிள்ளை "தாத்தாவுக்கு" என்றது. அவர் உடனே வீட்டு வாப்பாவின் பெயர், வயது, அவர் போய்வந்த இடங்கள் எல்லாவற்றையும் எழுதத் தொடங்கிவிட்டார். வாப்பாவோ திடகாத்திரமாக முற்றத்தில் நின்றார்! நாம் மூத்த சகோதரியைத் தாத்தா என்கிறோம். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அறைக்குள் காய்ச்சலோடு படுத்திருந்தவள் அந்தப் பட்டியலில் இல்லாமலே போயிருப்பாள். அவசரக் காலத்தில் முறைப் பெயரைச் சொல்லாதீர்கள். ஆளின் முழுப் பெயரையும் வயதையும் சொல்லுங்கள்.

தமிழ் இந்நாட்டில் அரச கரும மொழியாகவும் இருக்கும் என்று 1987இல் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்தது. ஆகவே அரசாங்க அலுவலகத்தில் தமிழில் பேசவும், தமிழில் பதில் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. "தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா மிஸ்?" என்று கேட்பது உரிமை, கெஞ்சல் அல்ல. ஆனாலும் இரவு இரண்டு மணிக்குக் கடமையில் இருக்கும் தாதிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் உரிமையைப் பற்றி வாதாடிக் கொண்டிருக்க முடியுமா?

ஆகவே சில சொற்களையாவது மனதில் வையுங்கள். உண என்றால் காய்ச்சல். வமனே என்றால் வாந்தி. பாச்சனே என்றால் வயிற்றோட்டம். லே என்றால் இரத்தம். முத்ரா என்றால் சிறுநீர். பெஹெத் என்றால் மருந்து. இவற்றைவிட முக்கியமானவை இரண்டு வசனங்கள். "மட்ட தேருனே நே" என்றால் எனக்கு விளங்கவில்லை. "ஆயெத் கியன்ன" என்றால் மீண்டும் சொல்லுங்கள். விளங்காமலே தலையை ஆட்டுவதுதான் நம்மவர்களின் பெரிய குறை. டொக்டர் சொன்னதை நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவரே திருத்துவார்.

வீட்டில் ஒரு கொப்பி

எங்கள் சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலையேறி வந்தவர்கள் எழுதிவிட்டுப் போன வரிகளை இன்றும் வாசிக்க முடிகிறது. வாயால் பேசியவை காற்றோடு போயின, எழுதியவை நின்றன. பதற்றத்தில் மனம் மறக்கும், எழுத்து மறக்காது. ஆகவே வீட்டில் காய்ச்சல் என்றதும் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். அதில் இவற்றை எழுதுங்கள்:

1. நோயாளியின் முழுப் பெயர், வயது, நிறை.

2. காய்ச்சல் தொடங்கிய திகதியும் நேரமும். "இரண்டு மூன்று நாளாக" என்று சொல்வது போதாது. டெங்குவில் இது எத்தனையாவது நாள் என்பதே முக்கியமான கணக்கு.

3. கொடுத்த மருந்துகள் அனைத்தும், கொடுத்த நேரமும். வெற்றுக் குளிசை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

4. குடித்தவை, சிறுநீர் போன நேரங்கள், வாந்தி எத்தனை தடவை. சிவப்பு, கபில நிறப் பானங்களைக் கொடுக்காதீர்கள். வாந்தியில் வருவது இரத்தமா பானமா என்று குழப்பம் ஏற்படும்.

5. ஏற்கெனவே உள்ள நோய்கள், கிளினிக் கொப்பி, ஒத்துக்கொள்ளாத மருந்துகள்.

6. பெண்களானால் கர்ப்பமா, பாலூட்டுகிறாரா, கடைசி மாதவிடாய்த் திகதி, இப்போது இரத்தப்போக்கு உண்டா என்பன.

7. கடந்த இரண்டு வாரத்தில் போய்வந்த இடங்கள், வீட்டிலும் அயலிலும் வேறு யாருக்குக் காய்ச்சல் என்ற விவரம்.

காய்ச்சல் மூன்றாம் நாளை எட்டினால் வைத்தியரைக் கண்டு, அவர் சொல்கிறபடி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் முதியவர்களும் நாட்பட்ட நோயுள்ளவர்களும் அதுவரை காத்திருக்க வேண்டாம். விடாத வாந்தி, கடும் வயிற்று வலி, இரத்தப்போக்கு, அதிகச் சோர்வு, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகிய எதுவும் கண்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையா? 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் சேவை இன்று நாடு முழுவதும் இருக்கிறது. அழைக்கும்போது அழாமல், ஊரின் பெயர், அருகில் உள்ள பள்ளிவாசல் அல்லது சந்தி, நோயாளியின் நிலை ஆகியவற்றை முதலில் சொல்லுங்கள்.

கதவைத் தட்டுபவர் எதிரி அல்லர்

பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், நாம் "மிட்வைப் மிஸ்" என்று அழைக்கும் குடும்ப சுகாதார உத்தியோகத்தரும் வீடு தேடி வருகிறார்கள். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து இந்நாட்டில் வளர்ந்து வந்த நல்ல ஏற்பாடு இது. தாயும் சேயும் இறப்பது இங்கே குறைந்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் பரிசோதகர் வந்தால் என்ன செய்வது? கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, மறைவோடு நின்று பதில் சொல்லுங்கள். தோட்டத்தைப் பார்க்க விடுங்கள். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். தயிர்ச் சட்டி, டயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றை அவர் வருமுன் நாமே பார்த்துவிடலாம். பள்ளிவாசல் ஹவ்ழில் கப்பி மீன் விடுமாறு நிர்வாகிகளிடம் சொல்லுங்கள்.

ஹிஜ்ரி 18இல் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, கலீபா உமர் (ரலி) அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். போவதா திரும்புவதா என்று ஒவ்வொரு கூட்டத்தாராக அழைத்துக் கேட்டார்கள். கருத்துகள் பலவாக இருந்தன. திரும்புவது என்று அவர்கள் முடிவெடுத்த நிலையில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) வந்தார்கள். நோயுள்ள ஊருக்குள் போக வேண்டாம், அவ்வூரில் இருப்பவர் அதிலிருந்து தப்பி ஓட வேண்டாம் என்ற நபியவர்களின் போதனையைத் தாம் கேட்டதாகச் சொன்னார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். கேட்பதற்கு ஒரு தலைவர் இருந்தார். தெரிந்ததைச் சொல்வதற்கு ஒருவர் முன்வந்தார். நோய்க்காலத்தில் இரண்டும் வேண்டும்.

சகோதரிகளே! தாதியும் டொக்டரும் மனிதர்கள்தான். அவர்களுக்கும் களைப்பு உண்டு, வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஒருவர் கடுமையாகப் பேசினால் பொறுத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். முறைப்பாடு இருந்தால் பிறகு பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். வாட்டுக்குள் போனைத் தூக்கிப் படம் பிடித்து ஊரெங்கும் அனுப்புவதால் நோயாளிக்கு என்ன நன்மை? போகும்போது ஒரு நன்றிச் சொல் சொல்லிவிட்டு வாருங்கள். அதற்கு எந்த மொழியும் தடை இல்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அந்தச் சிங்களத் தாயின் பெயர் எனக்குத் தெரியாது. அவரும் என் தங்கையும் அன்று பேசிக்கொண்டது சில சொற்கள்தான். ஆனால் கண்டதை மறைக்காமல் சொன்னார். ஒரு பிள்ளை பிழைத்தது. அன்று என் தங்கை சொல்லாமல் விட்டதையும், நான் கேட்காமல் விட்டதையும் நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கொடிய நோய்களிலிருந்து காப்பாற்றுவானாக! நோயாளிகளுக்குப் பூரண ஷிபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்கு நற்கூலியையும் தருவானாக! ஆமீன்.